செக் பிள்ளை உள்ளே போனால் வருவேன் என்றாய்

மச்சான்,

உன் போன் இப்போது என் பாமசியில், டொக்டர்மார் எழுதித் தருகிற மருந்துத் துண்டுகளைக் குத்தி வைக்கிற கம்பிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சற்று முன் அது ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தேன். அந்தச் செக் நாட்டு டெனிஸ் பிள்ளைக்கு ஏதோ ஒரு ஊரில் ஆட்டம் தொடங்கிவிட்டதாம். போன் உறையில் இன்னும் கோடாலித் தைலம் மணக்கிறது. நெஞ்சில் தைலம் தடவிய கையோடே போனைப் பிடிப்பாய். கையைத் துடைத்துவிட்டுப் பிடி என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இருதயத்தில் மூன்று குழாய்களும் அடைத்துக் கிடக்க, பாமசிக்காரனின் மச்சான் தைலம் தடவிக்கொண்டிருந்தான் என்று வெளியில் தெரிந்தால் என் கடைப் படியை யார் மிதிப்பார்கள்?

உன் மௌத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்த இத்தா முடிந்த கிழமை தங்கச்சி இந்தப் போனை என் கையில் தந்தாள். "காக்கா, இது சும்மா சும்மா கத்திக்கிட்டு இரிக்கி. எனக்கு நிப்பாட்டத் தெரியா. நீங்க கொண்டு போங்க" என்றாள். எனக்கு நிப்பாட்டத் தெரியும். ஆனாலும் நிப்பாட்டவில்லை. அந்தப் பிள்ளை தோற்கிற செய்தி இப்போது நாளுக்கு நாள் எனக்கு வருகிறது. உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து இதுதான்.

உன்மேல் எனக்குக் கோபம், மச்சான். மௌத்தாகிப்போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும். நல்லதையும் எழுதுகிறேன். ஆனால் கோபத்தை ஒளித்து வைத்துக்கொண்டு நல்லதை மட்டும் எழுத எனக்கு வராது. நீயும் அதை நம்பமாட்டாய்.

ஒரே வகுப்பில் இருந்தவர்கள் நாம். பிறகு நீ என் தங்கச்சியைக் கலியாணம் முடித்தாய். நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கல்முனைக்குடியில் நான் தவழ்ந்து திரிந்த வீட்டுக்கு நீ மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தாய். நான் சாய்ந்தமருதில் என் மனைவி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன்பிறகு என் சொந்த வீட்டுக்கே நான் விருந்தாளி. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடையை ஒரு மணித்தியாலம் பூட்டிக்கொண்டு வருவேன். நீ கதிரையை இழுத்துப் போட்டு, "வாங்க, வாங்க, புது ஆள் வந்திரிக்கார்" என்று தங்கச்சிக்குக் குரல் கொடுப்பாய். என் உம்மா எனக்குச் சோறு தீத்திய கூடத்தில் இருந்துகொண்டு என்னைப் புது ஆள் என்று சொல்ல உன்னால் மட்டும்தான் முடியும். அந்தப் பகிடியை, இடையில் நீ கட்டாரில் இருந்த காலத்து லீவு நாட்களையும் சேர்த்து, பதினைந்து வருடம் கேட்டேன். ஒருநாள்கூட நான் சிரிக்கவில்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

கட்டாரிலிருந்து நீ திரும்பி வந்தபோது எல்லாரும் கொண்டு வருகிற சாமான்களோடு இந்தப் பைத்தியத்தையும் கொண்டு வந்தாய். அங்கே உனக்கு டெனிஸ் மைதானத்தில் வேலை. தரையைக் கூட்டுவது, வலையை இழுத்துக் கட்டுவது, தண்ணீர்ப் பெட்டிகளை நிரப்புவது. பெரிய பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவன் நீ. ஆனால் ஊருக்கு வந்து நீ கதைத்ததெல்லாம் யாரும் கேள்விப்படாத ஒரு பிள்ளையைப் பற்றி.

அந்தக் கதையை எனக்கு எத்தனை தரம் சொன்னாய் என்பதற்குக் கணக்கில்லை. பிரதான சுற்றுக்குள் போக முதலில் தகுதிச் சுற்று என்று ஒன்று விளையாடி வெல்ல வேண்டுமாம். அதற்காகப் பின்பக்கத்து மைதானம் ஒன்றில் அவள் விளையாடினாளாம். பதினேழு வயது. பார்க்க வந்தவர்கள் நாலு பேர், அதில் ஒருவர் அவளுடைய வாப்பா. வெயிலில் முகம் தக்காளியாகச் சிவந்து, இரண்டு செட்டும் தோற்றுப் போனாளாம். தோற்றவர்கள் அங்கே மட்டையை எறிவார்கள், போத்தலை உதைப்பார்கள், கூட்டுகிறவன் பின்னால் போய்ப் பொறுக்க வேண்டும். இந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே தன் வெறும் போத்தல்களையும் வாழைப்பழத் தோலையும் தானே பொறுக்கி, கொண்டுபோய்க் கூடையில் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு நின்ற உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டி நன்றி சொன்னாளாம். அங்கே இருந்த பதினொரு வருடத்தில் அப்படிச் செய்தது அவள் ஒருத்திதான் என்றாய்.

"வெல்லுற ஆக்களுக்கு ஊரே இரிக்கி மச்சான். தோக்குற புள்ளைக்கு நாமளாவது இரிக்கணும்." இதை நீ அடிக்கடி சொல்வாய். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அப்படி மூன்று வருடம் அவளோடு இருந்தோம். முதலில் நீ இருந்தாய். பிறகு என்னையும் இழுத்துவிட்டாய். நானோ கரப்பந்தும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்தவன். பதினைந்து, முப்பது என்று போய் அடுத்தது ஏன் நாற்பது, நாற்பத்தைந்து எங்கே போனது என்று நான் கேட்டதற்கு இன்றுவரை நீ ஒழுங்கான பதில் தரவில்லை. நாம் ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை. அவள் விளையாடிய சின்னப் போட்டிகளை யார் காட்டுவார்கள்? போன் திரையில் இரண்டு பெயர், நாலைந்து இலக்கம், பந்து போடுகிறவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு வயது வந்த இரண்டு ஆண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். ஐரோப்பாவில் காலை என்றால் நமக்குப் பின்னேரம். அதனால் அவளுடைய ஆட்டமும் நம் தேத்தண்ணியும் அநேகமாக ஒரே நேரத்தில் வந்துவிடும்.

எவ்வளவு தோற்றாள், மச்சான்! துனீசியாவில் முதல் சுற்று. துருக்கியில் முதல் சுற்று. போர்த்துக்கலில் ஒரு கிழமை தொடர்ந்து நாலு ஆட்டம் வென்றாள். நீ தெருவில் நின்று எல்லாருக்கும் சொன்னாய். ஐந்தாவதில் கணுக்கால் பிரண்டு பாதியில் விலகினாள். பிறகு ஏழு மாதம் ஆட்டமே இல்லை. அந்த ஏழு மாதமும் நீ அவளுடைய பெயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். திரும்பி வந்தவள் பயிற்சியாளரை மாற்றினாள். பந்து போடுகிற முறையை மாற்றினாள். மாற்றியதும் இருந்ததும் போய்விட்டது. முக்கியமான இடத்துக்கு வந்தால், பந்து போடக் கிடைக்கிற இரண்டு தரமும் அதை வலையில் போட்டுப் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிடுவாள். இலக்கத்தில் பார்த்தே அவளுடைய கை நடுங்குவது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியத் தொடங்கியதுதான் கேவலம். கடையில் ஆளுக்கு மருந்து கட்டிக் கொடுக்கும்போதும் பக்கத்தில் போனைத் திறந்து வைத்திருந்தேன். கல்முனைக்குடியில் ஒரு செக் பிள்ளைக்காகத் துஆ கேட்டவன் நீ ஒருத்தன்தான் என்று நான் பகிடி பண்ணுவேன். உண்மையில் இரண்டு பேர் இருந்தார்கள்.

பிறகு உனக்கு நோய் வந்தது. வந்ததா, இருந்தது தெரிய வந்ததா என்று சொல்ல முடியாது. இறக்காமத்தில் உன் வயல் வரம்பில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்றாய். யானை விரட்ட ஓடியதால் வந்த களைப்பு என்று நீயே மருந்தும் சொல்லிக்கொண்டாய். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு போய்ப் பரிசோதிக்க வைத்தேன். மூன்று குழாய்களிலும் அடைப்பு, கொழும்பில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், தள்ளிப்போட வேண்டாம் என்று டொக்டர் தெளிவாகச் சொன்னார். நீ அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, இந்தக் கிழமை புள்ளைக்கு எங்கே ஆட்டம் என்று என்னைக் கேட்டாய்.

சத்திரசிகிச்சைக்கு முதல் திகதி வந்தது. வயல் வெட்டு, விளைந்த நெல்லை விட்டுவிட்டு வர ஏலாது என்றாய், போகவில்லை. இரண்டாவது திகதி கிடைக்க நான் யார் யாரிடம் போய் நின்றேன் என்று உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் "நான் கேட்டனா?" என்று சொல்லியிருப்பாய். அதுவும் ஒரு புதன்கிழமையாக வந்து விழுந்தது. அதற்குள் நீ புதுச் சாட்டு ஒன்று கண்டுபிடித்திருந்தாய். அந்தக் கிழமை அவளுக்கு அதுவரை இல்லாத பெரிய போட்டி. இரண்டு ஆட்டம் வென்றால் பிரதான சுற்று. வார்ட்டில் போட்டால் போன் பார்க்க விடமாட்டார்களாம், அதனால் இந்தக் கிழமை ஏலாதாம்.

அந்தப் புதனுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம். எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. கெஞ்சியும் பார்த்தாயிற்று, ஏசியும் பார்த்தாயிற்று, தங்கச்சியை அழ வைத்தும் பார்த்தாயிற்று. கடைசியில் உன் பாஷையிலேயே கதைப்போம் என்று நினைத்தேன்.

"சரி மச்சான். அந்தப் புள்ளைய வச்சே முடிப்பம். அவள் பிரதான சுற்றுக்குள்ள போனா, நீ புதன்கிழமை என்னோட கொழும்புக்கு வரணும்."

"போனா வாறன்" என்றாய். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, "போகாட்டி நீ இந்தக் கதைய இனி எடுக்கப்படா" என்றாய்.

நான் சம்மதித்தேன். கைகூடக் கொடுத்தேன். படித்தவன், மருந்து தெரிந்தவன், உன்னைவிட எட்டு மாதம் மூத்தவன். ஒரு மனிதனின் இருதயத்தை இருபது வயதுப் பிள்ளையின் பந்தின்மேல் வைத்துக் கை கொடுத்தேன். இதைப் பிறகு யாரிடம் சொன்னாலும், உனக்கென்ன விசரா என்றுதான் கேட்பார்கள். அவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ வாக்குக் கொடுத்தால் தவறமாட்டாய், வாக்குக் கொடுக்கத்தான் மாட்டாய். அன்றைக்குக் கொடுத்ததே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை முதல் ஆட்டத்தை அவள் வென்றாள். ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டாவது. தங்கச்சியிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். முதல் செட்டை அந்தப் பிள்ளை வென்றாள். இரண்டாவதை மயிரிழையில் விட்டாள். மூன்றாவதில் ஐந்துக்கு நான்கு என்று முன்னுக்கு நின்று பந்து போட வந்தாள். இதை எடுத்தால் முடிந்தது. நான் மனதுக்குள் கொழும்பு வேனுக்குச் சொல்லியாயிற்று. இரண்டு தரம் வலையில் போட்டாள். பிறகும் இரண்டு தரம். அதோடு அந்தக் கேம் போனது, பிறகு செட், பிறகு எல்லாம் போனது.

நான் திரையைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தேன். கவலை இருந்தது. அதற்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. மூச்சை மெதுவாக விட்டாய். அந்த நிம்மதியைக் கண்டவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்தப் புள்ளையும் நீயும் ஒண்டுதான். முடிக்கிற இடத்தில நடுங்குற ஆக்கள்" என்றேன்.

தங்கச்சி அப்போதுதான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடாமல் எழும்பி வந்துவிட்டேன்.

மச்சான் மச்சான் உறவில் தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினால் அதற்கு என்ன அர்த்தம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இனி அந்த வீட்டு ஆண் வந்து கூப்பிடாமல் நான் அந்தப் படி ஏறக்கூடாது. அது நான் பிறந்த வீடாக இருந்தாலும் சரிதான். திங்கள் அசருக்குக் கடையைப் பூட்டவில்லை, செவ்வாயும் பூட்டவில்லை. போனில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தட்டவும் இல்லை. தோற்றது தோற்றதுதானே, இனி என்ன பார்க்க இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

புதன்கிழமை வந்தது, போனது. வெள்ளிக்கிழமை பள்ளியில் நீ ஸலாம் சொன்னாய், நான் பதில் சொன்னேன். வயலைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்தோம். நோயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கை கொடுத்திருந்தேனே, இனி அந்தக் கதையை எடுக்கப்படாது என்று! உலகத்தில் யாரும் காப்பாற்றாத ஒரு வாக்கை நான் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினேன். அதிலிருந்து பதினாறாம் நாள், நீ வயலிலிருந்து வந்து முகம் கழுவி, சோற்றுக்கு உட்கார்ந்தவன், பீங்கானில் கை வைக்கவில்லை. நான் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தபோது உன்னை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இனி நான் உன்மேல் கோபப்பட்ட கதை.

போன் என் கைக்கு வந்த பிறகு, ஆள் இல்லாத நேரங்களில் அவளுடைய பழைய முடிவுகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போவேன். துனீசியா, துருக்கி, போர்த்துக்கல். அந்தக் கிழமைக்கு வந்தபோது கை நின்றது. அந்தப் பெரிய போட்டியின் பிரதான சுற்றில் அவளுடைய பெயர் இருந்தது. செவ்வாய்க்கிழமை முதல் சுற்றில் ஆடி, வென்றும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்றில் தோற்றவள் செவ்வாய்க்கிழமை எப்படி உள்ளே போனாள்? போனில் ஏதோ பிழை என்று நினைத்தேன். கட்டாரில் உன்னோடு வேலை செய்த ஒலுவில்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவரிடம் குரல் பதிவு அனுப்பிக் கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டு விளக்கினார். கடைசித் தகுதி ஆட்டத்தில் தோற்றவர்கள் மறுநாள் காலையில் வந்து ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாமாம். பிரதான சுற்றில் யாராவது காயம், காய்ச்சல் என்று விலகினால் அந்த இடத்துக்குத் தோற்றவர்களில் ஒருவரை எடுப்பார்களாம். சட்டப்படியான வழிதானாம். கடைசியில் அவர், "உங்கட மச்சானுக்குத் தெரியாத சட்டமா இது? அந்தக் கையெழுத்து மேசைக்குக் கதிரை போடுறதே அவர்தானே" என்றார்.

பாவி. அவள் உள்ளே போனாள். பந்தயத்தில் நான் வென்றிருந்தேன். உனக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது. நீ வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாய். வாக்குத் தவறமாட்டாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, அந்த ஆள் தோற்றவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஸலாம் சொன்னான். ஒலுவில்காரரின் பதில் வந்த அன்றைக்கு நான் மாத்திரை எண்ணிக் கொடுத்ததில் மூன்று தரம் பிழை விட்டேன். கடையைப் பூட்டிக்கொண்டு நேரே உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தவிர யாரைப் பிடித்துக் கத்துவது? அவளைப் பிடித்துக் கத்தினேன். உன் புருஷன் என்னை ஏமாற்றினான், என்னை மட்டுமில்லை உன்னையும்தான், என்றேன். போனைத் திறந்து காட்டினேன்.

அவள் போனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு அறைக்குள் போய் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு பையை இறக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நீ கட்டாரிலிருந்து கொண்டுவந்த அந்த நீலப் பை. திறந்தேன். இரண்டு சாரன், ஒரு துவாய், தொப்பி, கிளினிக் புத்தகம், எக்ஸ்ரே உறை, போன் சார்ஜர்.

"திங்கக்கிழமை பின்னேரம் எடுத்து வைக்கச் சொன்னாங்க. அந்தப் புள்ள உள்ளுக்குப் போயிட்டாள், சொன்னா சொன்னதுதான், காக்காவோட கொழும்புக்குப் போறன் எண்டாங்க. செவ்வாய்க்கிழமை காலைல உங்கட கடைக்குத்தான் வந்தாங்க. பகலைக்குத் திரும்பி வந்து, பைய எடுத்து மேல வை, போகல்ல எண்டாங்க. வேறொண்டும் சொல்லல்ல."

அவள்தான் பிறகும் கதைத்தாள்.

"நீங்கதான் வேணாமெண்டு சொல்லிட்டீங்க எண்டு நினைச்சன், காக்கா. கோவத்தில சொல்லியிருப்பீங்க எண்டு. இத்தாவிலயும் அதுதான் மனசுக்குள்ள கிடந்திச்சு. உங்களுக்கிட்ட கேக்க மனம் வரல்ல."

நாலு மாதமும் பத்து நாளும் என் தங்கச்சி அந்த அறையில் என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் கிழமைக்கு மூன்று தரம் போய், அவளுக்குப் பழம் கொடுத்து, பொறுமையாக இரு, சபூர் செய் என்று புத்தி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று நீ கேட்பாய். இல்லை, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றேன். அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் நீ கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணியிருக்கும். நீ கடைக்கு வந்தாய். வாசலில் உன்னைக் கண்டேன். கண்டும் காணாததுபோல இருந்தேன். உனக்கு வெள்ளைச் சட்டை, தலை வாரியிருந்தாய். கூப்பிடத்தான் வந்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்தத் தேத்தண்ணிக்கு நீ இறங்கி வந்துவிட்டாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் உடனே முகம் கொடுக்க மனம் வரவில்லை. கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். என்னை எத்தனை மாதம் உன் பின்னால் அலைய வைத்தாய், ஒரு பத்து நிமிஷம் நீ நின்றால் என்ன? அலுமாரிக் கதவைத் திறந்து, ஒழுங்காக இருந்த மருந்துப் பெட்டிகளைத் திரும்பவும் அடுக்கினேன்.

நீ கவுண்டருக்குப் பக்கத்தில் வந்து, "மச்சான், ஒரு கதை இரிக்கி" என்றாய்.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆக்கள் நிக்காங்க. பின்னேரம் கதைப்பம்" என்றேன்.

நீ கொஞ்ச நேரம் நின்றாய். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது தெருவில் ஓட்டோக்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாய். பின்னேரம் நீ வரவில்லை, நானும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் கண்டபோதும், அன்றைக்கு என்ன கதை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கி வந்ததுபோல ஆகிவிடும் என்று இருந்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருப்பாய், அதுவாக ஒருநாள் வெளியில் வரும் என்றும் நினைத்தேன்.

இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். எதற்கெடுத்தாலும் என்னோடு வாதாடினவன் நீ. நாற்பதா நாற்பத்தைந்தா என்று அரை மணித்தியாலம் என்னை விடாமல் இழுத்தவன். அன்றைக்கு மட்டும் என் ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை ஏன் கொடுத்தாய்? கவுண்டரில் ஒரு தட்டுத் தட்டி, அவள் உள்ளே போய்விட்டாள், நாளைக்குக் கொழும்பு என்று சொல்லியிருந்தால் அந்தப் பெட்டிகளை எல்லாம் கீழே போட்டுவிட்டு வந்திருப்பேனே. ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. நீ பயந்துபோய் இருந்தாய். அந்தப் பயத்தை எல்லாம் ஒரு வாக்கால் இழுத்துக் கட்டிக்கொண்டு, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு என் கடை வரைக்கும் வந்துவிட்டாய். என் பக்கத்திலிருந்து ஒரு தள்ளுதான் தேவைப்பட்டது. நான் உனக்குத் திரும்பிப் போக வழி காட்டிவிட்டேன். இவ்வளவு நாளும் உன்னிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு, மச்சான். உனக்குப் பயமாக இருக்கிறதா என்று ஒரு தரமேனும் நான் கேட்டதில்லை. திகதி கேட்டேன், வேன் கேட்டேன், பந்தயம் கேட்டேன்.

அன்றைக்குக் கடையில் நின்றவர்கள் மூன்று பேர். மூன்று பேரையும் எனக்கு நல்ல நினைவு. மருதமுனையிலிருந்து வந்த ஒரு பெண், பிள்ளைக்குப் பூச்சி மருந்து கேட்டாள். பக்கத்துக் கடைக்காரர் சீனிப் பரிசோதனைப் பட்டை வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு நின்றார். மற்றவர் ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டர், வெயிலுக்கு ஒதுங்கி மின்விசிறிக்குக் கீழே நின்றார். மூவரில் ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.